கொழுமுனைக்குக் கீழே ஓர் ஈமக்காடு

நுழையும்முன்

உழவர் நிலத்தை உழும்போது கொழுமுனையில் கல் இடறுவது இயல்பு. ஆனால், சில நிலங்களில் இடறும் கல் இயற்கை வைத்த கல் அன்று. மனிதர் நட்ட கல். தகடூர் எனச் சங்கப் புலவர்கள் பாடிய தருமபுரிப் பகுதியின் புன்செய் நிலங்களுக்கு அடியில் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஈமச்சின்னங்கள் மறைந்துள்ளன. அவற்றை அமைத்தோர் யார், எவ்வாறு அமைத்தனர், அவற்றிலிருந்து நாம் அறிவன யாவை, அவை அழிந்தால் இழப்பன யாவை என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

காடும் கல்லும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் குன்றுகளுக்கு இடையே விரிந்து கிடப்பது தகடூர் நாடு. ஒருபுறம் காவிரியும் மறுபுறம் தென்பெண்ணையும் ஓடினாலும், இடைப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமியே ஆகும். கேழ்வரகு, சாமை, கொள்ளு, துவரை, நிலக்கடலை ஆகியன இம்மண்ணின் பயிர்கள். மானாவாரி நிலத்தை இப்பகுதி மக்கள் 'காடு' என்றே குறிப்பிடுவர். 'காட்டுக்குப் போய் வருகிறேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் தம் விளைநிலத்திற்குச் செல்கிறார் என்பது பொருள்.

சேலம் மாவட்டத்திலிருந்து 1965ஆம் ஆண்டு தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் 2004ஆம் ஆண்டு அதிலிருந்து கிருட்டிணகிரி மாவட்டம் பிரிந்தது. நிருவாக எல்லைகள் மாறினும் இவ்விரு மாவட்டங்களின் தொல்வரலாறு ஒன்றே. எனவே, தொல்லியல் நோக்கில் இவ்விரண்டையும் ஒரே நிலப்பரப்பாகக் கொள்வதே பொருத்தமாகும்.

இந்நிலப்பரப்பின் மேட்டுக் காடுகளிலும் குன்றின் அடிவாரங்களிலும் உருண்டைக் கற்கள் வட்டமாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சில இடங்களில் வட்டத்தின் நடுவே சிறுகற்கள் குவிந்து மேடிட்டிருக்கும். வேறு சில இடங்களில் வட்டத்தின் பாதி மட்டுமே எஞ்சியிருக்கும். மறுபாதிக் கற்கள் எப்போதோ வரப்புக்கோ கிணற்றுச் சுவருக்கோ சென்றிருக்கும். இவற்றைப் 'பாண்டவர் வீடு' என்றும் 'குள்ளர் வீடு' என்றும் மக்கள் பலவாறாக வழங்குவர். மூன்று சாண் உயரமே உடைய மனிதர்கள் வாழ்ந்த வீடுகள் இவை என்னும் கதைகளும் தமிழகமெங்கும் உண்டு. உண்மையில் இவை வாழ்ந்தோரின் வீடுகள் அல்ல; இறந்தோருக்கு வாழ்ந்தோர் எடுத்த நினைவிடங்கள்.

பெருங்கற்கால மக்கள்

பெரிய கற்களைக் கொண்டு ஈமச்சின்னங்களை எழுப்பிய காலத்தைத் தொல்லியலாளர் 'பெருங்கற்காலம்' என்பர். தமிழகத்தில் இக்காலம் இரும்பின் பயன்பாட்டோடு இணைந்தது. ஆதலால், 'இரும்புக்காலம்' என்னும் பெயரும் இதற்கு வழங்கப்படுகிறது.

பெருங்கற்கால மக்கள் வெற்றிடத்தில் தோன்றியவர்கள் அல்லர். அவர்களுக்கு முன்பே, கல்லை வழவழப்பாகத் தீட்டிக் கோடரியாக்கிய புதிய கற்கால மக்கள் இங்கு வாழ்ந்தனர். இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் அகழாய்வு செய்தது. அங்குப் புதிய கற்காலத்தையும் அதனை அடுத்து வந்த பெருங்கற்காலத்தையும் சார்ந்த சான்றுகள் கிடைத்தன. கருகிய நிலையில் கிடைத்த கொள்ளும் பச்சைப்பயறும் அம்மக்கள் வேளாண்மை அறிந்தவர்கள் என்பதைக் காட்டின. தருமபுரிக் காடுகளில் இன்றும் விதைக்கப்படும் கொள்ளுக்கு இத்தனை நீண்ட வரலாறு உண்டு. தருமபுரி மாவட்டத்தின் மோதூரில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2004-05ஆம் ஆண்டில் மேற்கொண்ட அகழாய்வும் இப்பகுதியின் தொல்பழங்காலக் குடியிருப்பைப் புலப்படுத்தியது.

தெரிந்து தெளிவோம்

கல்வட்டம் - ஈமக்குழியைச் சுற்றி வட்டமாக நடப்பெற்ற கற்கள்.
கற்குவை - ஈமக்குழியின் மேல் குவிக்கப்பட்ட சிறுகற்களின் மேடு.
கற்பதுக்கை - கற்பலகைகளால் நிலத்தடியில் அமைக்கப்பட்ட அறை.
கல்திட்டை - கற்பலகைகளால் நிலத்தின் மேல் அமைக்கப்பட்ட அறை.
நெடுநிலைக்கல் - இறந்தோர் நினைவாகச் செங்குத்தாக நிறுத்தப்பட்ட உயர்ந்த கல்.
முதுமக்கள் தாழி - இறந்தோரை அல்லது அவர்தம் எலும்புகளை இட்டுப் புதைத்த பெரிய மட்கலம்.
ஈமப்பேழை - கால்களுடன் தொட்டி வடிவில் செய்யப்பட்ட சுடுமண் பேழை.

நிலத்தடியில் ஓர் அறை

கல்வட்டத்தின் நடுவே தொல்லியலாளர் முறையாக அகழும்போது வெளிப்படும் அமைப்பு வியப்பளிப்பது. முதலில் கற்குவை நீங்கும். அதன் கீழே மண் நிரப்பிய குழி தென்படும். அக்குழிக்குள் நான்கு கற்பலகைகள் செங்குத்தாக நிறுத்தப்பட்டு ஓர் அறை உருவாக்கப்பட்டிருக்கும். அறையின் அடியில் ஒரு பலகை. மேலே மூடுகல்லாக மற்றொரு பெரிய பலகை.

நான்கு பலகைகளையும் நிறுத்திய முறையில் பொறியியல் நுட்பம் உள்ளது. பல கற்பதுக்கைகளில் ஒவ்வொரு பலகையும் தன்னை அடுத்துள்ள பலகையின் முனையைத் தாண்டி நீண்டு நிற்கிறது. வெளிப்புற மண் உள்நோக்கி அழுத்தும்போது ஒரு பலகையை மற்றொன்று தாங்கிக்கொள்ளும். சுண்ணாம்போ வேறு சாந்தோ இல்லாமல் அந்த அறை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சரியாமல் நிற்பதற்கு இதுவே காரணம். ஒரு பலகையில், பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில், வட்டமான துளை ஒன்று இடப்பட்டிருக்கும். இதனை 'இடுதுளை' என்பர். இறந்தவரின் உயிர் வந்துசெல்ல விடப்பட்ட வழி என்றும், பின்னாளில் இறந்தோரின் எலும்புகளையும் படையலையும் உள்ளே வைப்பதற்கான வாயில் என்றும் இதற்கு விளக்கம் கூறுவர்.

இவ்வறைகளுள் பலவற்றில் முழு எலும்புக்கூடு காணப்படுவதில்லை. தெரிந்தெடுத்த சில எலும்புகளே காணப்படுகின்றன. இறந்தவரின் உடலை முதலில் வேறோர் இடத்தில் இட்டு, பின்னர் எலும்புகளைத் திரட்டி வந்து சடங்குடன் அடக்கம் செய்தனர் என்பது இதனால் தெரிகிறது. ஈமச்சடங்கு ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. பாறையிலிருந்து பலகையைப் பெயர்க்கவும், அதனை இழுத்துவரவும், குழி தோண்டவும், கலங்கள் வனையவும் ஊரே கூடி உழைத்திருக்க வேண்டும். எனவே, ஒவ்வொரு கற்பதுக்கையும் தனி ஒருவரின் நினைவிடம் மட்டுமன்று. ஒரு சமுதாயத்தின் கூட்டுழைப்புக்கும் சான்றாகும்.

இறந்தோருடன் வைத்தவை

எலும்புகளுக்கு அருகே மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் மணிகளும் வைக்கப்பட்டன. மட்கலங்களுள் சிறப்பானவை கறுப்பு-சிவப்புக் கலங்கள். உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுப்பாகவும் வெளிப்புறம் சிவப்பாகவும் உள்ள இவற்றிற்கு இருவேறு வண்ணங்கள் பூசப்படவில்லை. கலத்தைச் சூளையில் கவிழ்த்துவைத்துச் சுட்டால், காற்றுப் புகாத உட்புறம் கறுக்கும். காற்றுப்படும் வெளிப்புறம் சிவக்கும். ஒரே நெருப்பில் இருநிறங்களைப் பெறும் இந்நுட்பத்தை அக்காலக் குயவர் அறிந்திருந்தனர்.

வாள், அம்புமுனை, கத்தி போன்ற இரும்புப் பொருள்கள் போரையும் வேட்டையையும் உணர்த்துகின்றன. சூதுபவள மணிகளோ, தொலைதூரத்து வணிகத் தொடர்பைச் சுட்டுகின்றன. உணவும் இறந்தோருடன் வைக்கப்பட்டது. இதற்குத் தகடூருக்கு வெளியிலிருந்து ஒரு சான்றைக் காணலாம். பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. இராசன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகம் 2009ஆம் ஆண்டு தொடங்கி மேற்கொண்ட அகழாய்வில், ஓர் ஈமச்சின்னத்துக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் நிறைந்த கலம் கிடைத்தது. அந்நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. அதே ஈமச்சின்னத்தில் தமிழி எழுத்துப் பொறித்த கலந்தாங்கி ஒன்றும் கிடைத்தது. ஆகவே, நெல்லின் காலம் எழுத்தின் காலத்தையும் அறிவித்தது.

இங்கு ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். எழுத்துப் பொறித்த கலந்தாங்கி தானே தன் வயதைச் சொல்லவில்லை. உடனிருந்த நெல் சொன்னது. இரண்டையும் தனித்தனியே யாரேனும் எடுத்துச் சென்றிருந்தால், நெல் வெறும் உமியாகவும் கலந்தாங்கி காலம் தெரியாத ஓட்டுத்துண்டாகவும் போயிருக்கும். தொல்பொருளின் மதிப்பு அப்பொருளில் மட்டும் இல்லை. அது எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்பதிலும் அடங்கியுள்ளது.

மயிலாடும்பாறை சொன்ன செய்தி

இவ்வுண்மையைத் தகடூர் நிலப்பரப்பிலேயே மெய்ப்பித்த ஊர் மயிலாடும்பாறை. இன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ள இவ்வூரின் மலைச்சரிவுகளில் ஈமச்சின்னங்கள் பரவலாகக் காணப்படுகின்றன. இங்கு 2003ஆம் ஆண்டு பேராசிரியர் கா. இராசன் அகழாய்வு மேற்கொண்டார். பின்னர் 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை விரிவான அகழாய்வு நடத்தியது.

இரும்பு துருப்பிடித்துச் சிதைவது. அதன் வயதை நேரடியாக அறிவது கடினம். ஆனால், இரும்பு கிடைத்த அதே மண்ணடுக்கில் கிடைக்கும் கரித்துண்டின் வயதைக் கணிக்க முடியும். மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கரிமத்தைப் பெறுகிறது. அதில் கதிரியக்கத் தன்மையுடைய கரிமம்-14 மிகச் சிறிய அளவில் கலந்துள்ளது. மரம் இறந்தபின் புதிய வரவு நின்றுவிடும். இருந்தது சிதையத் தொடங்கும். ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் அது பாதியாகக் குறையும். எஞ்சியுள்ள அளவை ஆய்வகத்தில் அளந்து மரம் இறந்த காலத்தைக் கணிப்பர்.

மயிலாடும்பாறையில் 104 செ.மீ., 130 செ.மீ. ஆழங்களில் கிடைத்த இரு மாதிரிகள் இவ்வாறு ஆராயப்பட்டன. அவற்றின் காலம் முறையே கி.மு. 1615, கி.மு. 2172 எனத் தெரியவந்தது. இம்முடிவு 2022ஆம் ஆண்டு மே மாதம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. தமிழகத்தில் இரும்பின் பயன்பாடு நான்காயிரம் ஆண்டுகளுக்கு மேல் தொன்மையானது என்னும் கருத்துக்கு இது வலுச்சேர்த்தது. தூத்துக்குடி மாவட்டச் சிவகளையில் கிடைத்த மாதிரிகள் இதனினும் மிகப் பழைய காலத்தைக் காட்டுவதாக 2025ஆம் ஆண்டு சனவரியில் வெளியான அறிக்கை தெரிவித்தது. இரும்பின் தொடக்கம் பற்றிய ஆய்வுரையாடல் அறிஞரிடையே தொடர்ந்து நடைபெறுகிறது.

மயிலாடும்பாறையில் 26 செ.மீ. ஆழ வேறுபாடு ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட கால வேறுபாட்டைத் தன்னுள் கொண்டிருந்தது. ஒரு சாணுக்குச் சற்று மிகுந்த மண்ணில் இத்தனை காலம் அடங்கியிருக்கிறது. அம்மண்ணை இயந்திரம் ஒருமுறை புரட்டிவிட்டால் மேலடுக்கும் கீழடுக்கும் கலந்துவிடும். அதன்பின் எந்த ஆய்வகத்தாலும் அவற்றைப் பிரித்துப் படிக்க இயலாது.

இலக்கியத்தில் ஈமம்

மண்ணுக்குள் கண்ட வழக்கங்களைத் தமிழ் இலக்கியமும் பதிவு செய்துள்ளது. சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் தாழி வனையும் குயவனை விளித்துப் பாடினார். கணவனை இழந்த பெண் ஒருத்தி, தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனையுமாறு குயவனை வேண்டும் பாடலும் புறநானூற்றில் உள்ளது. மணிமேகலையோ, சுடுதல், வெறுநிலத்தில் இடுதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியில் கவித்தல் என்னும் ஐவகை வழக்கங்களும் ஒரே ஈமக்காட்டில் நிகழ்ந்ததைக் குறிப்பிடுகிறது.

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல்களும் இங்கு நினைக்கத்தக்கவை. ஒன்றில் ஈமத்தீ இடம்பெறுகிறது. மற்றொன்றில் அவனுக்கு நட்ட நடுகல்லும் அதற்குப் படைத்த கள்ளும் இடம்பெறுகின்றன. பெருங்கற்காலத்து நெடுநிலைக்கல்லின் தொடர்ச்சியே வீரர்க்கு எடுத்த நடுகல் என்று அறிஞர் பலர் கருதுவர். தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் பகுதிகளுள் தருமபுரியும் ஒன்றாக இருப்பது இத்தொடர்ச்சியை எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது.

ஈமக்காடு விளைநிலமானது

இறந்தோருக்குரிய இடத்தை அம்மக்கள் எண்ணிப் பார்த்தே தேர்ந்தனர். நீரும் வண்டலும் உள்ள நல்ல நிலத்தைப் பயிருக்கு விட்டுவிட்டு, கல் எளிதில் கிடைக்கும் மேட்டு நிலத்தையும் மலைச்சரிவையும் ஈமச்சின்னங்களுக்கு ஒதுக்கினர். அவ்வாறாயின், அவை இன்று விளைநிலத்துக்கு அடியில் இருப்பது எவ்வாறு? ஈமக்காடு நகரவில்லை, விளைநிலந்தான் மேடேறி வந்தது.

நீண்டகாலம் அம்மேட்டு நிலங்கள் மேய்ச்சலுக்கே பயன்பட்டன. பின்னர் மக்கள்தொகை பெருகியது. மேட்டு நிலமும் உழவுக்கு வந்தது. எருது பூட்டிய மரக்கலப்பை ஒரு சாண் ஆழத்துக்கு மேல் செல்வதில்லை. ஆதலால், மேலிருந்த கற்கள் சில இடம் மாறினாலும் கீழிருந்த அறை தப்பியது. ஆழ்துளைக் கிணறு வந்தபின் நிலை மாறியது. மேட்டுக்கும் நீர் கிடைத்தது. நீர் பாய்ச்ச வேண்டுமெனில் நிலம் சமமாக இருத்தல் வேண்டும். மண்வாரி இயந்திரம் ஒரு கல்வட்டத்தைச் சில நிமிடங்களில் பெயர்த்துவிடும். கல் உடைக்கும் தொழிலும், புதையல் இருக்கும் என்னும் பேராசையும் அழிவை மேலும் விரைவுபடுத்தின.

இதற்கு உழவரை மட்டும் குறைகூறுவது முறையாகாது. அரை ஏக்கர் நிலத்தை நம்பி வாழும் குடும்பத்திற்கு ஒரு கல்வட்டம் அடைத்துக்கொள்ளும் இடமும் பெரிது. 'சொன்னால் நிலத்தை எடுத்துக்கொள்வார்களோ' என்னும் அச்சமும் இயல்பானதே. அகழாய்வு என்பது நிலம் முழுவதையும் தோண்டுவது அன்று. அளந்து குறித்த சில குழிகளையே தோண்டுவர். கீழடியில் தனியாருக்குரிய தென்னந்தோப்புகளுக்கு இடையே உரிமையாளரின் இசைவுடன் குழிகள் இடப்பட்டன. அகழாய்வே நடைபெறாவிடினும், இடத்தை அளந்து, படமெடுத்து, வரைந்து பதிவுசெய்தால் அறிவின் ஒரு பகுதியேனும் காக்கப்படும். ஒருவருக்கும் தெரியாமல் அழிவதே மீட்க இயலாத இழப்பு.

சட்டமும் இவ்வகையில் வழிகாட்டுகிறது. நிலத்துக்குள் மறைந்திருந்து வெளிப்படும் மதிப்புடைய பொருள்களை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் கூறுகிறது. மாநிலத்தின் தொன்மைச் சின்னங்களைக் காக்கத் தமிழ்நாடு அரசு 1966ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றியுள்ளது.

நிலத்தைப் படிப்போம்

தோண்டாமலேயே நிலத்தைப் படிக்கும் வழிகள் உள்ளன. அயர்லாந்து நாட்டில் 2018ஆம் ஆண்டு கோடையில் கடும் வறட்சி நிலவியபோது, நியூகிரேஞ்சு என்னும் பழம்பெரும் ஈமச்சின்னத்திற்கு அருகிலுள்ள வயலில் பெரிய வட்டவடிவம் ஒன்று தோன்றியது. அதனை ஆளில்லா வானூர்தி படமெடுத்தது. பழங்காலத்தில் வெட்டிய பள்ளங்களில் நிறைந்த மண் ஈரத்தைக் கூடுதலாகத் தேக்கிவைத்தது. அதன் மேல் நின்ற பயிர் மட்டும் பசுமை மாறாது இருந்தது. நிலத்தடியில் கற்பலகை இருப்பின் இதற்கு மாறாக, மேலுள்ள பயிர் முந்தி வாடும். நம் உழவர்களும் தம் நிலத்தில் எந்த இடத்தில் பயிர் முந்தி வாடுகிறது, எந்த இடத்தில் கொழு தட்டுகிறது, எந்த இடத்தில் கறுப்பு-சிவப்பு ஓடுகள் மேலெழுகின்றன என்பவற்றை அறிவர். இவ்வறிவு எழுதப்படாத தொல்லியல் குறிப்பேடு ஆகும்.

அதனை எழுத்தாக்கும் பணியை மாணவர்கள் மேற்கொள்ளலாம். ஊரிலுள்ள முதியோரிடம் காடுகளின் பெயர்களையும் அவற்றின் காரணங்களையும் கேட்டுக் குறித்து வைக்கலாம். கல்வட்டம் தென்பட்டால் அதன் குறுக்களவை அடியால் அளந்து, கற்களை எண்ணி, படமெடுத்து, நாளும் இடமும் எழுதலாம். ஓட்டுத்துண்டு கண்ணில் பட்டால் அதனை எடுத்துச்செல்லாமல் கிடந்த இடத்திலேயே விட்டு, ஆசிரியர் வழியாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கலாம். தருமபுரியிலுள்ள அரசு அகழ்வைப்பகத்தைக் கண்டு, நூலில் படித்தவற்றை நேரில் ஒப்புநோக்கலாம்.

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர் தன் உறவினர் ஒருவருக்காகப் பாறையைப் பிளந்தது, கலம் வனைந்தது, தன் உணவிலும் இரும்பிலும் ஒரு பங்கை அவருடன் வைத்தது. அவருடைய பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும், அவர் மதிக்கப்பட்டவர் என்பது அந்த அறையைக் காணும் எவர்க்கும் விளங்கும். அடுத்த பருவத்துக்கு நிலத்தைச் சமன்செய்ய மண்வாரி இயந்திரம் வருமுன், அக்கற்களை ஒருமுறை நின்று பார்ப்பதும் பதிவு செய்வதும் அம்மதிப்பில் நாம் ஏற்கும் பங்காகும்.